புளூடூத் இருந்தும் ஏன் கேட்கவில்லை? பழைய பாட்டுப் பிளேயர்களும் புதிய காதுக் கருவிகளும்

அம்மாவிடம் ஒரு சிறிய எம்பி3 பிளேயர் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த மாமா கொண்டுவந்து தந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. ரிமோட்டுக்குப் போடும் சிறிய பற்றரி ஒன்றில் இயங்கும். பாட்டுக் கேட்பதற்காக வந்த அந்தப் பொருளில் குரலும் பதியலாம் என்று கண்டுபிடித்தவர் அப்பாதான். அவர் விளையாட்டாகப் பதிந்த நான்கு பதிவுகள் அதில் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடமும் வராது.

2009இல் அப்பாவை இழந்தோம். வீட்டோடு படங்களும் போய்விட்டன. காணி உறுதியும் அடையாள அட்டைகளும் வைத்திருந்த பையின் அடியில் கிடந்ததால் இந்தப் பிளேயர் மட்டும் எங்களோடு முகாம் வரை வந்து, பிறகு வீடும் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டுதான் அம்மாவின் காதும் போனது. பக்கத்தில் விழுந்து வெடித்த ஷெல்லுக்குப் பிறகு இடது காதில் அனேகமாக ஒன்றும் கேட்பதில்லை. வலது காதும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. சென்ற வருடம் உறவினர் ஒருவரின் உதவியோடு இரண்டு காதுக்கும் கருவி வாங்கினோம். அதன் பெட்டியில் புளூடூத் சின்னம் இருந்தது. அதைப் பற்றி நான் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப பிள்ளை, உதிலை அப்பான்ர குரலைக் கேக்கலாமோ?"

"ஓம்" என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. இடையில் தேவையில்லாத ஒரு பொருளும் வாங்கினேன். இப்படி ஒரு பழைய பிளேயரையோ, வெளிநாட்டிலிருந்து வந்த கருவியையோ வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பகுதிகளில் இன்னும் பல இருக்கும். அவர்களுக்கு உதவும் என்பதால் நான் அறிந்துகொண்டதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

ஒரே பெயர், பல வேலைகள்

புளூடூத் என்றால் வயர் இல்லாமல் இரண்டு கருவிகளை இணைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் இதற்கான வேலை தொடங்கியது. 1998இல் எரிக்சன், நொக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து இதற்கென ஓர் அமைப்பை உருவாக்கின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசனின் பட்டப்பெயர்தான் 'நீலப்பல்' என்ற பொருளில் இதற்கு வைக்கப்பட்டது.

பலருக்கும் தெரியாத விடயம், புளூடூத் ஒரே ஒரு வேலையைச் செய்வதில்லை என்பது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விதித்தொகுப்பு உண்டு. அதை 'புரொஃபைல்' என்பார்கள். ஒரு கோப்பை இன்னொரு ஃபோனுக்கு அனுப்புவதற்கு ஒன்று. அழைப்பில் கதைப்பதற்கு ஒன்று. ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்பதற்கு ஏ2டிபி என்று ஒன்று. அடுத்த பாட்டுக்குப் போவது, நிறுத்துவது போன்றவற்றை ஹெட்செட்டின் பொத்தானால் செய்வதற்கு ஏவிஆர்சிபி என்று இன்னொன்று.

யுத்தம் முடிந்த காலத்தில் ஃபோனிலிருந்து ஃபோனுக்குப் பாட்டு அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். இரண்டு ஃபோன்களையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அது கோப்பு அனுப்பும் வேலை. அந்த ஃபோன்கள் எல்லாவற்றாலும் புளூடூத் ஹெட்செட்டில் பாட்டுக் கேட்க முடிந்ததில்லை. சிலவற்றில் அழைப்பு மட்டுமே கேட்கும். அதேபோல, புளூடூத் உள்ள மலிவான பிளேயர்கள் பலவற்றில் ஹெட்செட்டுக்குப் பாட்டு அனுப்பலாம், ஆனால் ஃபோனிலிருந்து அதற்குள் ஒரு பாட்டை ஏற்ற முடியாது. அதற்கு வயரோ மெமரி கார்ட்டோதான் வேண்டும். ஆகவே 'புளூடூத் இருக்கிறதா?' என்ற கேள்வி போதாது. 'எந்த வேலைக்கான புளூடூத்?' என்று கேட்க வேண்டும்.

எந்தப் பிளேயரில் உண்டு, எதில் இல்லை

பாட்டுக் கேட்பதற்கான ஏ2டிபி விதித்தொகுப்பு 2003இல்தான் வெளிவந்தது. அது பரவலாகப் பிளேயர்களுக்குள் வர இன்னும் சில ஆண்டுகள் சென்றன. 2000களின் நடுப்பகுதியில் எங்கள் பகுதிகளுக்கு வந்த எம்பி3 பிளேயர்களில் புளூடூத்தை எதிர்பார்க்கவே முடியாது.

உலகம் முழுவதும் விற்ற ஐபொட்களை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். முதலாவது ஐபொட் 2001 ஒக்ரோபரில் வந்தது. வட்டச் சில்லு வைத்த அந்த வகை, 'கிளாசிக்' என்ற பெயரில் 2014 வரை விற்பனையில் இருந்தும் கடைசிவரை அதில் புளூடூத் வரவில்லை. திரை இல்லாத 'ஷஃபிள்' வகையிலும் வரவில்லை. 'நானோ' வகையில் 2012இல் வந்த ஏழாவது தலைமுறையில் மட்டும் உண்டு. 'டச்' வகையில் 2008இன் இரண்டாவது தலைமுறைக்குள் அதற்கான பாகம் இருந்தது, ஆனால் 2009இல் வந்த மென்பொருளுக்குப் பிறகுதான் அதைப் பயன்படுத்த முடிந்தது. 2022இல் டச் வகையும் நிறுத்தப்பட்டதோடு ஐபொட்டின் கதை முடிந்தது. வெளிநாட்டு உறவினர் யாராவது தங்கள் பழைய ஐபொட்டைத் தந்திருந்தால், அது இவற்றில் எது என்று முதலில் பாருங்கள்.

புளூடூத் இல்லாத ஒரு பிளேயரில் மென்பொருளைப் புதுப்பித்து அதைக் கொண்டுவர முடியாது. அதற்கான சில்லும் அன்ரெனாவும் உள்ளே இருக்க வேண்டும். 'சொஃப்ட்வெயர் போட்டால் வரும்' என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அனுப்புவது ஒன்று, வாங்குவது ஒன்று

அம்மாவின் பிளேயரில் புளூடூத் இல்லை என்று தெரிந்ததும் நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "இதை ஹெட்செட் குத்துற ஓட்டையில போடுங்கோ அக்கா, எல்லாத்துக்கும் வேலை செய்யும்" என்று கடைத் தம்பி ஒரு சிறு கருவியைத் தந்தார். வீட்டில் வந்து பொருத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அவர் தந்தது வாங்கும் கருவி. எனக்கு வேண்டியது அனுப்பும் கருவி.

ஏ2டிபியில் இரண்டு பாத்திரங்கள் உண்டு. ஒலியை அனுப்புவது ஒன்று, அதை வாங்கி ஒலிப்பது மற்றொன்று. ஃபோனும் பிளேயரும் அனுப்புபவை. ஹெட்செட்டும் ஸ்பீக்கரும் வாங்குபவை. இரண்டு வாங்குபவை ஒன்றோடொன்று பேசாது. கடைகளில் நிறைந்து கிடக்கும், பென் டிரைவும் மெமரி கார்ட்டும் குத்தக்கூடிய ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் வாங்குபவைதான். அதில் கார்ட்டைக் குத்தி, அங்கிருந்து புளூடூத் ஹெட்செட்டுக்குப் பாட்டை அனுப்பலாம் என்று நினைத்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கும்போது பெட்டியில் 'டிரான்ஸ்மிட்டர்' என்று எழுதியிருக்கிறதா, 'ரிசீவர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் செய்பவையும் உண்டு. அவற்றில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். பிளேயரின் துளையையும் அளந்துகொள்ளுங்கள். வழக்கமானது 3.5 மில்லிமீற்றர். சில சிறிய பிளேயர்களில் 2.5 மில்லிமீற்றர் துளை இருக்கும். அதற்கு மாற்றி ஒன்று தேவை.

நான் திரும்பிப்போய் மாற்றி எடுத்தேன். டிரான்ஸ்மிட்டரில் திரை இல்லாததால் எதனோடு இணைவது என்று தெரிவுசெய்ய முடியாது. பக்கத்தில் இணையத் தயாராக இருப்பதோடு தானாக இணைந்துகொள்ளும். அதனால் முதல் இணைப்பின்போது வீட்டிலுள்ள மற்ற ஸ்பீக்கர், ஹெட்செட் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். பிளேயரின் சத்தத்தை முக்கால்வாசிக்கு வைத்தால் ஒலி தெளிவாக இருக்கும். மிகக் குறைத்தால் இரைச்சல் தெரியும், முழுதாக வைத்தால் ஒலி பிளக்கும். டிரான்ஸ்மிட்டரையும் தனியாகச் சார்ஜ் செய்ய வேண்டும்.

தம்பியின் ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. அம்மாவின் காதுக் கருவியில் வரவில்லை.

தூரம், சுவர், உடம்பு

காதுக் கருவிக்கு வருமுன் எல்லோருக்கும் பொதுவான சில எல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். புளூடூத் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. அதே அலைவரிசையைத்தான் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்துகின்றன. இடைஞ்சலைத் தவிர்க்க, பாட்டுக்கான புளூடூத் 79 சிறு அலைவழிகளுக்குள் வினாடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். அப்படித் தாவியும் நெரிசல் கூடினால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும்.

சிறிய கருவிகளுக்கு 10 மீற்றர் என்று சொல்லப்படுவது வெட்டவெளிக் கணக்கு. கல்வீட்டுச் சுவர் இடையில் வந்தால் அது குறையும். தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். பிளேயரை வலது பக்கப் பையில் வைத்து, ஹெட்செட்டின் வாங்கும் பகுதி இடது காதில் இருந்தால் உங்கள் உடம்பே தடையாகும். பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், புதிது வாங்க யோசிக்கும் முன் பிளேயரைப் பை மாற்றி வைத்துப் பாருங்கள்.

ஒலித் தரத்தைப் பற்றிய பயம் பலருக்குத் தேவையில்லாதது. சிடி ஒன்றின் ஒலி வினாடிக்கு 1411 கிலோபிற். ஏ2டிபி உள்ள எல்லாக் கருவிகளிலும் கட்டாயம் இருக்க வேண்டிய எஸ்பிசி என்ற சுருக்குமுறை அதை ஏறக்குறைய 328 கிலோபிற்றாகக் குறைக்கிறது. சோனி 2015இல் கொண்டுவந்த எல்டாக் முறை 990 வரை போகும். ஆனால் பிளேயரிலும் ஹெட்செட்டிலும் அதே முறை இருந்தால்தான் பயன். ஒன்றில் மட்டும் இருந்தால் இரண்டும் கீழிறங்கி, இரண்டுக்கும் பொதுவான வேறொரு முறையில், பல வேளைகளில் எஸ்பிசியில்தான் சந்திக்கும். விலை கூடிய ஹெட்செட்டைப் பழைய பிளேயரில் போட்டுவிட்டு வித்தியாசம் தெரியவில்லை என்பவர்களின் பிரச்சினை இதுதான்.

தாமதமும் உண்டு. ஒலி சுருங்கி, போய், விரிந்து காதுக்கு வர ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவு பிந்தலாம். பாட்டுக்கு அது தெரியாது. படம் பார்த்தால் வாயசைவும் பேச்சும் பொருந்தாமல் தெரியும்.

காதுக் கருவிகள் ஏன் சேர்வதில்லை

அம்மாவின் கருவியில் புளூடூத் உண்டு. டிரான்ஸ்மிட்டரிலும் உண்டு. ஆனாலும் அவை ஒன்றையொன்று காணவே இல்லை. காரணத்தைக் கருவி பொருத்தித் தந்தவரிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

காதுக் கருவிகள் பலவற்றின் பற்றரி சட்டைப் பொத்தானை விடச் சிறியது. ஏ2டிபிக்குத் தேவையான மின்சாரத்தை நாள் முழுவதும் கொடுத்தால் அது தாங்காது. அதனால் பல கருவிகள் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வேறு வகைப் புளூடூத்தைப் பயன்படுத்துகின்றன. அப்பிள் நிறுவனம் 2013இல் தன் ஐஃபோன்களுக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. அன்ட்ரொயிட் ஃபோன்களுக்கு ஆஷா என்ற முறையைக் கூகிள் 2018இல் அறிவித்தது. இவை இரண்டும் அந்தந்த ஃபோன்களோடு பேசுவதற்கானவை. கடையில் வாங்கும் சாதாரண டிரான்ஸ்மிட்டரோடு பேசாது. ஏ2டிபியை நேரடியாக ஏற்கும் காதுக் கருவிகளும் சில உண்டு. அம்மாவுடையது அவற்றில் ஒன்றல்ல.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எல்இ ஓடியோ என்ற பொதுமுறை 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கருவியிலிருந்து பலருக்கு ஒரே நேரத்தில் ஒலியை அனுப்பும் ஓராகாஸ்ட் என்ற வசதியும் அதில் அடங்கும். கோவிலிலோ கூட்டத்திலோ பேசுவது காது கேளாதவர்களின் கருவிக்கு நேரே போய்ச்சேர இது வழிசெய்யும். ஆனால் பழைய கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தாது.

ஆகவே காதுக் கருவி வாங்கப்போகிறவர்கள், அல்லது வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பப்போகிறவர்கள், முன்கூட்டியே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கருவி எங்கள் கையிலுள்ள ஃபோனோடு சேருமா? சாதாரண புளூடூத் டிரான்ஸ்மிட்டரோடு சேருமா? உள்ளே 'ரெலிகொயில்' இருக்கிறதா? ரெலிகொயில் என்பது ஒரு சிறு கம்பிச்சுருள். கழுத்தில் மாலைபோல் போடும் வயர் ஒன்றைப் பிளேயரின் துளையில் குத்தினால், அதன் காந்தப் புலத்திலிருந்து காதுக் கருவி ஒலியை எடுத்துக்கொள்ளும். இது புளூடூத்துக்கு முந்திய முறை. புளூடூத் இல்லாத பிளேயரோடும் இது வேலை செய்யும்.

முதலில் பிரதி, பிறகுதான் புளூடூத்

எனக்கு எஞ்சிய வழி, அப்பாவின் பதிவுகளை ஃபோனுக்கு மாற்றுவது. அந்த வேலையைத் தொடங்கியபோதுதான் இத்தனை நாளும் தலைகீழாகச் செய்திருக்கிறேன் என்று உணர்ந்தேன். பிளேயரை ஒரு மாதமாகக் கையில் கொண்டு திரிந்தேன், குத்தினேன், கழற்றினேன். அதற்குள் அது பழுதாகியிருந்தால் ஏழு நிமிடங்களும் போயிருக்கும்.

பழைய பிளேயர்களின் நினைவகத்தில் தரவு நுண்ணிய மின்னேற்றமாகத்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசியும். ஆகவே முதல் வேலை பிரதி எடுப்பது.

கழற்றக்கூடிய பற்றரி என்றால் அது கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அம்மா பற்றரியைக் கழற்றித் தனியாக வைத்திருந்ததால் எங்கள் பிளேயர் தப்பியது. உள்ளே பொருத்திய லிதியம் பற்றரி என்றால், உடல் ஊதியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம்.

அந்தக் காலப் பிளேயர்களுக்கு மினி யூஎஸ்பி வயர் வேண்டும். இப்போதைய ஃபோன் வயர்கள் பொருந்தாது. பழைய டிஜிட்டல் கமரா வைத்திருந்த வீடுகளில் தேடினால் கிடைக்கும். கணினியில் குத்தும்போது 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கோப்புறை முழுவதையும் அப்படியே இரண்டு இடங்களில் பிரதி செய்யுங்கள். பிளேயரில் இருப்பதை அழிக்காதீர்கள்.

எங்கள் பதிவுகளை ஃபோன் திறக்கவில்லை. அந்தக் காலத்து மலிவான பிளேயர்கள் பல, குரலை ஏசிடி என்ற தங்களுக்கே உரிய வடிவில் பதிந்தன. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் அதைத் திறந்து எம்பி3 ஆக மாற்றித் தந்தது. அப்படி எதுவும் திறக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு. பிளேயரிலேயே ஒலிக்கவிட்டு, இரண்டு பக்கமும் முனையுள்ள ஓடியோ வயரால் கணினியின் ஒலி உள்ளீட்டில் குத்தி மறுபடி பதியலாம்.

கோப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையத்தளங்களில் ஏற்றாதீர்கள். கடையில் கொடுத்தால் வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். எங்கள் வீட்டுப் பதிவுகளில் இருக்கும் பெயர்களும் ஊர்களும் வெளியில் போக வேண்டியவை அல்ல.

கடைசியில் வேலை செய்தது

ஃபோனில் அப்பாவின் குரல் வந்துவிட்டது. ஆனால் என் ஃபோன் அம்மாவின் கருவியோடு சேரும் ஃபோன்களில் ஒன்றல்ல. இன்னொரு ஃபோன் வாங்க எங்களிடம் வசதியில்லை.

கடைசியில் உதவியது காதை முழுவதும் மூடும் ஒரு சாதாரண வயர் ஹெட்செட். அம்மாவின் கருவி காதின் பின்புறம் மாட்டும் வகை. ஒலி வாங்கும் மைக் அதன் மேல்பகுதியில் இருக்கிறது. ஹெட்செட்டின் கிண்ணம் அந்த மைக்கையும் சேர்த்து மூடும்படி கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் போதும். மிக நெருக்கினால் கருவி விசிலடிக்கும். இரண்டு மூன்று தடவை நகர்த்திப் பார்த்து இடத்தைப் பிடித்தோம். அதற்குப் புளூடூத்தும் தேவைப்படவில்லை, ஃபோனும் தேவைப்படவில்லை. பழைய பிளேயரின் துளையிலேயே நேரே குத்தலாம்.

முதல் பதிவில் அப்பா பிளேயரைச் சோதித்துப் பார்க்கிறார். பிறகு, மாடு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது, போய்ப் பிடி என்று என்னைக் கூப்பிடுகிறார். அம்மா மூன்று தரம் கேட்டார். "குரல் கொஞ்சம் மெல்லிசாக் கிடக்கு" என்றார். அது உண்மைதான். இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக அந்தப் பிளேயர்கள் குரலைப் பழைய தொலைபேசியின் தரத்தில்தான் பதிந்தன. எந்த விலையுயர்ந்த புளூடூத்தாலும் இல்லாததைக் கொண்டுவர முடியாது.

உங்கள் வீட்டு அலுமாரியிலோ பையிலோ இப்படி ஒரு பிளேயரோ, பழைய ஃபோனோ, ஒலிப்பதிவுக் கருவியோ கிடந்தால், அதை எதனோடு இணைப்பது என்று பிறகு யோசிக்கலாம். இந்தக் கிழமைக்குள் ஒரு மினி யூஎஸ்பி வயரைத் தேடி எடுத்து, உள்ளே இருப்பதைப் பிரதி செய்யுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில், ஒரே பையில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல.